லயத்துத் தேத்தண்ணி

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, எங்கள் டிக்கோயா மலைகளும் தேயிலைக்கு மாறின. 1883இல் கொழும்பில் ஏலவிற்பனை ஆரம்பமாயிற்று. நாங்கள் பறித்ததற்குத் தரமும் விலையும் அங்கேதான் சொன்னார்கள்.

தை, மாசியில் வரண்ட குளிர்காற்று வீசும்போது இப்பக்கத்துக் கொழுந்துக்கு மணம் கூடும். ஸ்டோரில் (தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்திச் சலித்தபின் நல்ல தரங்கள் பெட்டியேறிக் கொழும்புக்குப் போய்விடும். என் சிறுவயதில் லயத்துக்கு வந்தது தூள். எங்கள் உபசாரமெல்லாம் அதில்தான். கலியாணமோ கருமாதியோ, வந்தவருக்கு ஒரு கோப்பைச் சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. தடிமன் என்றால் அதிலேயே இஞ்சி தட்டிப் போடுவார்கள். பால் கலந்தால் அன்று விசேஷம்!

பிற்காலத்தில் கொழும்புக் கடையொன்றில் அந்தப் பருவத்து டிக்கோயாத் தேயிலை ஒரு பக்கட் வாங்கிவந்தேன். விலையை அம்மாவிடம் சொல்லவில்லை. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், ஒரு மிடறு குடித்தார்.

"என்னாப்பா இது, சாயமே எறங்கல?"

எழுந்துபோய்த் தூள் டின்னைத் திறந்து, அதில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.