பதிப்பெண் தரும் வாக்கு

திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் பகுதியில் அமைந்த சிற்றூர் ஈச்சிலம்பற்று. 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் 2006ஆம் ஆண்டின் போரும் அப்பகுதி மக்களைப் பெயர்ந்தோடச் செய்தன. வீட்டைத் துறந்து ஓடுவோர் முதலில் தேடுவது பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையுமே. ஏட்டிலே ஊர்ப்பெயர் பிழையற நிற்பது அவர்களுக்கு அலங்காரமன்று, உரிமை.

அப்பெயர் கணினியிலே எவ்வாறு நிற்கின்றது? இலங்கைத் தமிழர் பல்லாண்டுகள் கையாண்ட ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘ஈச்சிலம்பற்று’ என்னும் பெயரைத் திறந்தால், ‘ஈ’ நின்ற இடத்தில் கணிதத்திலே ‘குறைவு’ என்பதை உணர்த்தும் குறி தோன்றும். மெய்களின் மூன்று புள்ளிகளும் மூன்று அரைப்புள்ளிகளாக மாறும். எஞ்சியவை ஆங்கில எழுத்துகள். ஊர் அங்கேயே இருக்கும், பெயர் மறைந்துவிடும்.

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வகுத்து இக்குறையைப் போக்கியது யூனிக்கோடு என்னும் பொதுக்குறியீடு. 1991இல் வெளிவந்த 1.0 என்னும் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் வகுத்த இடம் நிலைக்குமா என்னும் வினா எழுந்தது. 1.1ஆம் பதிப்பில் கொரிய மொழியின் 6,656 அசையெழுத்துகள் ஓரிடத்தில் இருந்தன. 1996இல் வந்த 2.0ஆம் பதிப்பு அவ்விடத்தைக் கைவிட்டு, 11,172 அசையெழுத்துகளை வேறிடத்தில் அமைத்தது. பழைய முறையில் எழுதிய கொரிய ஏடுகள் புதிய நிரல்களுக்குப் புரியாமற்போயின. அதன்பின் உறுதியான விதியொன்று பிறந்தது: ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நகர்த்துவதுமில்லை, நீக்குவதுமில்லை, புதியன சேரலாம்.

அவ்வாறே தமிழிலும் புதியன சேர்ந்தன. 2005இல் 4.1ஆம் பதிப்பு ‘ஶ’ என்னும் எழுத்தையும் தமிழ்ச் சுழியத்தையும் தந்தது. 2019இல் 12.0ஆம் பதிப்பு பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 வடிவங்களைச் சேர்த்தது.

இங்கேதான் நிரல் எழுதுவோரின் பொறுப்புத் தொடங்குகின்றது. ‘ஶ’ தேவைப்படும் நிரல், ‘4.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும்’ என்று கீழெல்லை கூறவேண்டும். இடம் மாறாது என்ற வாக்கு இருப்பதால் அங்கே மேலெல்லை வேண்டுவதில்லை. அவ்வாக்கு இல்லாத காலத்தில் 1.1ஐ நம்பிய கொரிய நிரலோ, ‘2.0க்கு முந்தியதே ஆகும்’ என்றும் வரம்பிட்டிருக்க வேண்டும். மேலெல்லை என்பது நம்பிக்கைக் குறைவின் அளவுகோல்.

எல்லையைச் சொன்னாற் போதாது, ஒப்பிடவும் தெரியவேண்டும். 12.0ஐயும் 4.1ஐயும் அகராதி முறையில் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், 1 என்பது 4க்கு முன் வருவதால், 12.0 பழையதாகத் தோன்றும். பதிப்பெண்ணில் உள்ள புள்ளி தசமப் புள்ளியுமன்று, அது வேலி. வேலிக்கு இருபுறமும் உள்ளவற்றைத் தனித்தனி முழு எண்களாகவே கொள்ளவேண்டும். 2021இல் பைதான் என்னும் நிரல்மொழியின் 3.10ஆம் பதிப்பு வந்தபோது, முதல் மூன்று குறிகளை மட்டும் நோக்கிய சில நிரல்கள் அதனை 3.1 என்று கொண்டு, மிகப் பழைய பதிப்பென ஒதுக்கின.

இத்தகைய குழப்பங்களுக்கு ஒழுங்கு காணவே, டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்னும் அமெரிக்கர் மூன்று எண் முறையை வகுத்தார், அதன் 2.0.0 பதிப்பு 2013இல் வெளியானது. பிழை திருத்தினால் மூன்றாம் எண் உயரும். பழையதைக் கெடுக்காமற் புதியது சேர்த்தால் இரண்டாம் எண் உயரும். பழைய பயன்பாடு முறியுமானால் முதலெண் உயரும். ஆதலால், ‘2.3 முதல், 3.0க்கு முன்வரை’ என்று வரம்பிடுவது வழக்கமாயிற்று. ஆனால் எண்ணைச் சூட்டுவோர் நேர்மையுடன் சூட்டினாலன்றி இம்முறை பயன்தராது.

‘ஈச்சிலம்பற்று’ என்னும் பெயருக்கு வேண்டிய எழுத்துகள் யாவும் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றவை. பின்வந்த பதிப்புகள் அவற்றின்மேற் கைவைக்கவில்லை. ஆகவே, அம்முறையில் எழுதப்பட்ட பள்ளிச் சான்றை இனி வரும் பதிப்பும் அவ்வூர்ப் பெயராகவே படிக்கும். ஏடு கடலிற் போனாலும் பெயர் போகாதிருக்க, முன்னோர் எழுதியதை முறிக்கமாட்டோம் என்ற வாக்கே காவல்.