மினி பஸ்ஸில் ஏறிய செந்தூரம்

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கிக் கொடைக்கானலைத் தேடினால், அது இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி மலைமேல் இருக்கும். நிலையம் இருக்கும் ஊர் அம்மையநாயக்கனூர். பெயர் ஓரிடம், பொருள் வேறிடம். கிராமங்களுக்குக் கிளம்பும் மினி பஸ்ஸின் ‘மினி’யும் அப்படித்தான். சின்னது என்று நினைக்கிறோம். அதன் பிறப்போ ஒரு சிவப்புப் பொடி.

லத்தீனில் ‘மினியம்’ என்றால் ஈயச் செந்தூரம். ஆஞ்சநேயருக்குச் செந்தூரக் காப்பு சாத்துகிறோமே, அந்த நிறம். ஐரோப்பிய மடங்களில் ஏடு எழுதியவர்கள் அதைக் குழைத்துத் தலைப்பெழுத்துகளைத் தீட்டினார்கள். அந்த வேலை ‘மினியாரே’. அதிலிருந்து இத்தாலியில் ‘மினியாத்தூரா’. ஏட்டுக்குள் வரைந்த படத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஏட்டுப்படம் சிறியது, ‘மைனஸ்’, ‘மினிமம்’ போன்ற சொற்களின் ஒலியும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் ‘மினியேச்சர்’ சின்னப் படமாகி, பிறகு சின்னது எதற்கும் ஆகிவந்தது. அதன் வாலை வெட்டி எடுத்ததுதான் ‘மினி’.

இன்று ‘மினியேச்சர்’ என்று நாம் சொல்லும் படங்களைத் தீட்டிய முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் அந்தச் சொல் புழங்கவில்லை. அங்கே படம் ‘தஸ்வீர்’; சாயல் பிசகாத உருவப்படம் ‘ஷபீஹ்’. 1616-இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ கொண்டுவந்த சிறு உருவப்படத்தை அரண்மனை ஓவியர் பல படிகள் எடுத்தார். விளக்கொளியில் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டியபோது அசல் எதுவென்று சொல்ல ரோ திணறினார். அணில் வால்முடியில் செய்த தூரிகையின் வேலை அது. தெற்கே, தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி காலத்தில் (1832–1855) யானைத் தந்தத் தகட்டில் தீட்டும் முறை செல்வாக்குப் பெற்றது.

நம் சொற்களுக்கும் இத்தகைய கதை உண்டு. வடமொழியிலிருந்து வந்த ‘படம்’ முதலில் துணி. பிறகுதான் துணியில் தீட்டிய உருவம். அகத்துறையில் காதல் கைகூடாமல் பனைமடல் குதிரை ஏறத் துணிந்தவன் தலைவியின் உருவை எழுதி ஏந்தும் ‘கிழி’யும் துணியே. வரைவதற்கும் ‘எழுது’ என்றே சொன்னோம். இன்றும் கண்ணுக்கு மை எழுதுகிறோம். லத்தீன் ஏட்டில் எழுத்தும் படமும் ஒரே செந்தூரத்தில் கலந்தன. தமிழில் ஒரே வினையில் கலந்தன.

இன்று ‘சிற்றோவியம்’, ‘நுண்ணோவியம்’ என்று இரண்டும் வழங்குகின்றன. முன்னது ஆங்கிலக் காது தவறாகக் கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தது. பின்னது ஓவியரின் கைவேலையைப் பார்த்துச் சொன்னது. மினி பஸ்ஸுக்குச் ‘சிற்றுந்து’ பொருந்தும். ஜஹாங்கீர் அவைப் படத்துக்கு ‘நுண்ணோவியம்’தான் பொருந்தும்.