எள்ளில் பிறந்த சொல்லும் டால்டா டப்பாவும்

தமிழில் நெய் என்பது பசும்பாலோடு நின்றுவிட்ட சொல் அல்ல. பிசுபிசுக்கும் கொழுப்பு எதுவும் ஒரு காலத்தில் நெய்தான். எள்ளை ஆட்டி எடுத்தது எள்+நெய், அதாவது எண்ணெய். பிறகு அந்தப் பெயர் மற்ற வித்துகளுக்கும் பரவியது. எள்ளே சேராத வேப்பெண்ணெயின் பெயரிலும் எள் இருக்கிறது. உண்மையான எள் எண்ணெய்க்கு 'நல்ல' என்ற அடை தேவைப்பட்டது.

இந்தக் குடும்பத்துக்குள் வெளியிலிருந்து வந்தது வனஸ்பதி. வடமொழியில் அது 'வனத்தின் தலைவன்', பெருமரம். ஆயுர்வேதம் ஆல், அத்தி போல வெளியே பூ தெரியாமல் காய்க்கும் மரங்களை அப்படி அழைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பெயர் தகரடப்பாவில் உறைந்த வெள்ளைக் கொழுப்புக்கு வந்து சேர்ந்தது. 1937-ல் டால்டா என்ற வணிகப்பெயரோடு வனஸ்பதி வந்தது. டாடா (Dada) என்ற டச்சு நிறுவனத்தின் பெயருக்கு நடுவே லீவர் நிறுவனத்தின் 'ல்' நுழைந்து பிறந்த பெயர் அது. விரைவிலேயே எந்த வனஸ்பதியும் டால்டாதான். காலி டப்பாவில் துளசி வளர்ந்தது.

பசுநெய் எட்டாத வீடுகளுக்கு இது பலகாரம் சுடும் வாய்ப்பைத் தந்தது. அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் நெய்யில் கலப்படம் செய்யவும் இதுவே வசதியானது. அதனால் வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்திய விதி வந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால் எள்ளின் சத்து செந்நிறம் காட்டும். கள்ள நெய் பிடிபடும். எண்ணெய்க்குப் பெயர் கொடுத்த எள், போலி நெய்க்கு எதிராகக் காவலும் நின்றது!

உண்மையான தீங்கு வேறிடத்தில் இருந்தது. வனஸ்பதிக்கு அடிப்படையான, திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் காப்புரிமை பெற்றார். நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தும்போது, வேலை பாதியில் நின்றால், கொழுப்பு அமிலங்களில் சிலவற்றின் வளைவு நிமிர்ந்துவிடும். அதுவே டிரான்ஸ் கொழுப்பு. 1990-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்க், கட்டன் இருவரும் அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதையும் இறக்குகிறது என்று காட்டினர். நிறைவுற்ற கொழுப்புகூட இந்த இரட்டைக் கேட்டைச் செய்வதில்லை. 'தாவரம்' என்ற அடையாளத்தை நம்பிய சமையலறைகள் இதைப் பல பத்தாண்டுகள் அறியவே இல்லை என்பதுதான் வேதனை.

2003-ல் டென்மார்க் முதலில் டிரான்ஸ் கொழுப்பைக் கட்டுப்படுத்தியது. இந்தியா படிப்படியாக வரம்பைக் குறைத்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. பஃப்ஸ், கேக் செய்பவர்கள் கெட்டித்தன்மைக்கு இப்போது பெரும்பாலும் பாமாயில் சார்ந்த கொழுப்பை நாடுகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். உறையில் 'டிரான்ஸ் கொழுப்பு 0' என்று அச்சிட்டிருந்தாலும், அதன் அருகிலுள்ள 'நிறைவுற்ற கொழுப்பு' வரியையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.