மலை மின்சாரம் வயலுக்கு வந்த கணக்கு

குமுளி மலைப்பாதையில் போய்வருகிறவர்கள் லோயர் கேம்ப் பக்கம் மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாறு அணைத் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து அந்தக் குழாய்களில் விழுகிறது. 1950-களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம் அது. தலா 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 140 மெகாவாட் என்று அமைத்தார்கள். தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்ந்து வைகைக்குப் போகிறது. மின்சாரம் கம்பி வழியே ஊர்களுக்குப் போகிறது.

வாய்க்காலில் தண்ணீர் கசிவதுபோல, கம்பியிலும் மின்சாரம் வழியிலேயே வீணாகும். கம்பி சூடாகி அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அந்த நட்டத்தை எப்படிக் குறைத்தார்கள் என்பது சுவையான வரலாறு.

அதற்கு அடிப்படைக் கணக்கைச் சொன்னவர் ஜெர்மனியின் கேயார்க் ஓம். பூட்டு செய்பவரின் மகன். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அவர் 1827-ல் வெளியிட்ட புத்தகத்தின் சாரம் இதுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது கம்பியின் தடை. சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு வந்தது. ஏறக்குறைய அதே சமயம் இங்கிலாந்தில் ஜூல் இன்னொன்றைக் கண்டார்: கம்பியில் உண்டாகும் சூடு, கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கரண்ட்டைக் குறிக்க உலகம் முழுவதும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைப் போடுகிறார்கள். கரண்ட்டின் முதல் எழுத்து அதுவல்லவே என்று யோசித்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரரான ஆம்பியர் அதை 'மின்னோட்டத்தின் செறிவு' என்று சொன்னார். செறிவு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்துதான் அது. வோல்டேஜுக்குப் பிரெஞ்சில் 'தான்ஸியோன்' என்போம். இழுவிசை என்று பொருள். நம் ஊர் லைன்மேன் 'ஹை டென்ஷன் லைன்' என்கிறாரே, அதே சொல்தான்.

1881-ல் பாரிஸில் கூடிய உலக மின்சார மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளை ஏற்றது. பிரான்சும் ஜெர்மனியும் போரிட்டுப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு ஜெர்மானியர் பெயரை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். வாட் என்ற அளவு 1889 மாநாட்டில் சேர்ந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2,300 வாட் மின்சாரத்தை, ஒரு ஓம் தடையுள்ள கம்பியில் அனுப்புவோம். 230 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் ஓடும். நட்டம் 10 × 10 × 1 = 100 வாட். அதையே 2,300 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர்தான். நட்டம் 1 வாட். வோல்ட் பத்து மடங்கு ஏறினால், நட்டம் நூறில் ஒரு பங்கு. மலையில் பெரிய கோபுரங்கள் நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் ஒருவர் மார்செல் தெப்ரே என்ற பிரெஞ்சுக்காரர். 1882-ல் மீஸ்பாக் என்ற ஊரிலிருந்து 57 கிலோமீட்டர் தள்ளியிருந்த மியூனிக் கண்காட்சிக்குச் சாதாரணத் தந்திக் கம்பியில் மின்சாரம் அனுப்பி, ஒரு பம்ப்பை ஓட்டி, சிறு அருவி விழ வைத்தார். வழியில் பெரும்பகுதி வீணானாலும், முடியும் என்று நிரூபணமானது. 1885-ல் ஹங்கேரியப் பொறியாளர்கள் மூவர் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் செய்தார்கள். 1891-ல் லாஃபன் என்ற ஊரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் 15,000 வோல்ட்டில் அனுப்பியபோது முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது.

பெரியாறு குத்தகை எழுதியது 1886-ல்; பாசனத்துக்காக எழுதியது. மின்சாரத்துக்கு அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது பற்றிய வழக்கு பிற்பாடு வந்தது. 1970 உடன்படிக்கையில்தான் அது முறைப்பட்டது. அதற்கு முன்பே நம் மாகாணத்தில் 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின்சாரம் வந்துவிட்டது. பைக்காரா மின்சாரம்தான் கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டியது.

ராசிங்காபுரம் போன்ற ஊர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசித் தோட்டம் வரை கம்பி நீளும்போது தடையும் கூடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் கரண்ட் கூடும். தடையும் கரண்ட்டும் பெருகி, கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் இறங்குகிறது. 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் ஹீட்டரை 180 வோல்ட்டில் போட்டால் சுமார் 610 வாட்தான் கொடுக்கும். தண்ணீர் தாமதமாகச் சூடாகும், வேறு கேடில்லை. மோட்டார் அப்படியல்ல. கிணற்றுத் தண்ணீரை ஏற்றும் பாரம் குறையாததால், வோல்டேஜ் குறையும்போது அது அதிகக் கரண்ட் இழுக்கும். கரண்ட் கால் பங்கு கூடினாலே காயிலில் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் பார்த்துவிட்டு மோட்டார் போடுங்கள். வோல்ட் முள் இறங்கி, ஆம்பியர் முள் ஏறினால் அணைத்துவிடுங்கள். ஓம் என்ற அந்தப் பள்ளி வாத்தியார் நமக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கை அது.