கலைவரலாற்று வெளியீட்டு நெறிமுறைகள்

கலைவரலாற்று வெளியீட்டு நெறிமுறைகள் என்பன ஓவியம், சிற்பம், தொல்கலைப்பொருள் முதலியன பற்றிய ஆய்வுக் கட்டுரைகள், நூல்கள், கண்காட்சி விவரநூல்கள், படைப்புப் பட்டியல்கள் ஆகியவற்றை வெளியிடும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுக்க விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். இவ்விதிகள் கட்டுரையாளர், இதழாசிரியர், மதிப்பாய்வாளர், வெளியீட்டாளர் ஆகிய அனைவருக்கும் உரியன. எழுத்துத் திருட்டைத் தவிர்த்தல், சான்றுகளைத் திரிக்காதிருத்தல், பிறர் உழைப்பை ஒப்புக்கொள்ளல் போன்ற பொதுவான ஆய்வு நெறிகள் இத்துறைக்கும் பொருந்தும். அவற்றுடன், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் எங்கிருந்து வந்தது, அதனை வெளியிடுவதால் யார் பயனடைகின்றனர் என்னும் வினாக்களும் இத்துறையில் சிறப்பிடம் பெறுகின்றன.

பின்னணி

பெரும்பாலான அறிவியல் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரை ஆய்வுப்பொருளின் சந்தை விலையை மாற்றுவதில்லை. கலைவரலாற்றில் நிலைமை வேறு. ஒரு சிலை இன்ன நூற்றாண்டைச் சேர்ந்தது என்றோ, ஓர் ஓவியம் இன்னாரால் வரையப்பட்டது என்றோ மதிப்புமிக்க இதழ் ஒன்றில் அச்சானால், அப்பொருளின் விலை பல மடங்கு உயரக்கூடும். ஏல நிறுவனங்கள் தமது விவரநூல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அது இடம்பெற்ற நூல்களையும் கட்டுரைகளையும் பட்டியலிடுவது வழக்கம். அறிஞர் ஒருவர் அறிவு நோக்குடன் மட்டும் எழுதிய கட்டுரையும் அப்பட்டியலில் சேர்ந்து விற்பனைக்குத் துணை செய்கின்றது.

இதனால் இருவகைத் தீங்குகள் நேரக்கூடும். ஒன்று, திருடப்பட்ட அல்லது சட்டத்துக்குப் புறம்பாகத் தோண்டி எடுக்கப்பட்ட பொருளுக்கு ஆய்வுலகின் ஏற்பு கிடைத்தல். மற்றது, போலிப் படைப்பு ஒன்று உண்மையான படைப்பாக நிலைபெறுதல். கலைவரலாற்று வெளியீட்டுக்கெனத் தனி நெறிமுறைகள் உருவானதற்கு இவ்விரண்டுமே முதன்மைக் காரணங்களாகும்.

நெறிமுறைகளின் தோற்றம்

1970 நவம்பர் 14 ஆம் நாள் யுனெசுக்கோ அமைப்பு பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத இறக்குமதி, ஏற்றுமதி, உடைமை மாற்றம் ஆகியவற்றைத் தடுப்பதற்கான உடன்படிக்கையைப் பாரிசில் ஏற்றுக்கொண்டது. இந்தியா 1977 ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்கா 1983 ஆம் ஆண்டிலும் இதில் இணைந்தன. இவ்வுடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்துவதாயினும், 1970 என்னும் ஆண்டு அருங்காட்சியகங்களும் ஆய்விதழ்களும் பின்பற்றும் எல்லைக்கோடாகவும் பின்னாளில் அமைந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் கலைச் சங்கம் 1973 ஆம் ஆண்டில் கலைவரலாற்றாளருக்கான ஒழுக்கநெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. இது 1995 ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டது. 1997 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஆய்விதழ் ஆசிரியர்கள் சிலர் வெளியீட்டு ஒழுக்கநெறிக் குழுவை அமைத்தனர். மருத்துவ இதழ்களை முன்னிட்டுத் தொடங்கிய இக்குழுவின் வழிகாட்டுதல்களைப் பின்னர் பிற துறைகளின் இதழ்களும் ஏற்றுக்கொண்டன.

உடைமை வரலாறு

ஒரு கலைப்பொருள் கண்டெடுக்கப்பட்ட அல்லது படைக்கப்பட்ட காலம் முதல் இன்று வரை யார் யாரிடம் இருந்தது என்பதைக் காட்டும் தொடர்ச்சியான பதிவே உடைமை வரலாறு எனப்படும். பொருளின் உண்மைத்தன்மை, அது சட்டப்படி பெறப்பட்டதா என்பது ஆகிய இரண்டுக்கும் இதுவே முதற்சான்று. இச்சங்கிலியில் இடைவெளி இருப்பின் அதனைக் கட்டுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது அடிப்படை விதியாகும். 1933 முதல் 1945 வரையான காலத்து இடைவெளிகள் ஐரோப்பிய ஓவியங்களைப் பொறுத்தவரை சிறப்புக் கவனத்துக்குரியன. நாசிகள் பறித்த கலைப்பொருட்கள் தொடர்பான வாசிங்டன் கோட்பாடுகளை 1998 ஆம் ஆண்டில் 44 நாடுகள் ஏற்றுக்கொண்டன.

அமெரிக்கத் தொல்லியல் நிறுவனத்தின் ஆய்விதழான அமெரிக்கத் தொல்லியல் இதழ் இவ்வகையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் விதியைக் கொண்டுள்ளது. அதன்படி, 1973 டிசம்பர் 30 ஆம் நாளுக்குப் பின்னர் ஒரு சேகரிப்பில் சேர்ந்த தொல்பொருளை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் கட்டுரை ஏற்கப்படமாட்டாது. அப்பொருள் அந்நாளுக்கு முன்பே இருந்தமைக்கு ஆவணம் இருந்தாலோ, மூல நாட்டிலிருந்து சட்டப்படி ஏற்றுமதி செய்யப்பட்டிருந்தாலோ மட்டும் விலக்கு உண்டு. தொல்லியல் சூழலின் இழப்பைச் சுட்டிக்காட்டுவதே நோக்கமாயின், ஆசிரியர் தம் முடிவின்படி அத்தகைய கட்டுரையை ஏற்கலாம்.

உடைமை ஆவணங்களும் போலியாக இருக்கலாம். கலிபோர்னியாவில் உள்ள கெட்டி அருங்காட்சியகம் 1985 ஆம் ஆண்டில் வாங்கிய கிரேக்க இளைஞன் சிலை இதற்கு எடுத்துக்காட்டு. அச்சிலையுடன் வந்த கடிதங்களுள் ஒன்று 1952 ஆம் ஆண்டுத் தேதியைக் கொண்டிருந்தது. ஆயினும், அதிலிருந்த அஞ்சற் குறியீட்டு எண் 1972 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது எனப் பின்னர் தெரியவந்தது. அருங்காட்சியகம் நெடுங்காலம் அச்சிலையை, "கி.மு. 530 அளவினது, அல்லது தற்காலப் போலி" என்னும் பொருள்படும் குறிப்புடன் காட்சிக்கு வைத்திருந்தது. 2018 ஆம் ஆண்டில் அது காட்சியிலிருந்து அகற்றப்பட்டது.

பிரித்தானியாவில் சான் துரூ என்பவர் ஒருபடி மேலே சென்று, ஆவணக் காப்பகங்களையே மாற்றியமைத்தார். சான் மையாட்டு வரைந்த போலி ஓவியங்களுக்குப் பொய்யான உடைமை வரலாற்றை உருவாக்கி, அதற்கான தாள்களை டேட்டு கலைக்கூடம் உள்ளிட்ட நிறுவனங்களின் காப்பகங்களுக்குள் அவர் நுழைத்தார். 1999 ஆம் ஆண்டில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்நிகழ்வுக்குப் பின்னர், காப்பகச் சான்று ஒன்றை மேற்கோள் காட்டினால் மட்டும் போதாது, அச்சான்றையும் சோதிக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

சோழர் செப்புத் திருமேனிகள்

வெளியீடு திருட்டை மறைக்கவும் கூடும், வெளிப்படுத்தவும் கூடும் என்பதைத் தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளின் வரலாறு காட்டுகின்றது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951 ஆம் ஆண்டில் நிலத்தடியிலிருந்து நடராசர் திருமேனி ஒன்று கிடைத்தது. 1950களில் செப்பனிடக் கொடுக்கப்பட்டபோது மூலத் திருமேனி கைமாறி, அதன் படி ஒன்றே கோயிலுக்குத் திரும்பியது. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தக்ளசு பாரட்டு, முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது போலி என்றும் மூலம் மும்பையில் தனியார் ஒருவரிடம் உள்ளது என்றும் குறிப்பிட்டார். அந்நூல் வெளிவந்த பின்னரும் திருமேனி இந்தியாவை விட்டு வெளியேறியது. 1973 ஆம் ஆண்டில் அதனை அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்ததை அடுத்து 1976 ஆம் ஆண்டில் உடன்பாடு காணப்பட்டு, 1986 ஆம் ஆண்டில் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது.

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயில் நடராசரை ஆசுத்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008 ஆம் ஆண்டில் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதனுடன் அளிக்கப்பட்ட உடைமை ஆவணங்கள் போலியானவை எனப் பின்னர் தெரியவந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் கோயில்களைப் பற்றிய ஆய்வுக்காக எடுத்துச் சேமித்திருந்த ஒளிப்படங்கள், அத்திருமேனி எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை அடையாளம் காண உதவின. 2014 ஆம் ஆண்டில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயிலில் உள்ள நிலையிலேயே ஒரு திருமேனியை முறையாகப் பதிவு செய்வது அதன் பாதுகாப்பாகவும் அமையும் என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பழைமையுடைய சிற்பம், ஓவியம் போன்றவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்தல் கூடாது. எனவே இந்தியாவிலிருந்து அண்மைக்காலத்தில் சென்றதாகக் கருதப்படும் பழங்கலைப்பொருளைப் பற்றி எழுதுவோர் அதன் ஏற்றுமதிச் சான்றுகளைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

நலன் முரணும் அறிஞர் கருத்தும்

தாம் எழுதும் பொருளின் விற்பனையால் கட்டுரையாளருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ பயன் கிடைக்குமாயின் அது நலன் முரண் எனப்படும். பொருள் கட்டுரையாளருக்குச் சொந்தமாக இருத்தல், விற்பனையாளரிடம் ஊதியம் பெறுதல், சேகரிப்பாளரின் நிதியுதவியுடன் நூல் வெளியிடுதல் ஆகியன இதில் அடங்கும். இவற்றை இதழாசிரியருக்கும் வாசகருக்கும் அறிவிக்க வேண்டும். கருத்துரைக்கான கட்டணம் பொருளின் விலையில் ஒரு விழுக்காடாகவோ, கிடைக்கும் முடிவைப் பொறுத்ததாகவோ அமையக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதியாகும்.

ஒரு படைப்பை இன்னாருடையது என முடிவு செய்வதற்கு உடைமை வரலாறு, நடை ஒப்பீடு, வேதியியல் ஆய்வு ஆகிய மூன்றும் தேவை எனக் கருதப்படுகின்றது. 2006 ஆம் ஆண்டில் கொலோன் நகர ஏலத்தில் 28 இலட்சம் யூரோவுக்கும் மேலாக விற்கப்பட்ட, காம்பன்டாங்கு 1914 ஆம் ஆண்டில் வரைந்ததாகக் கூறப்பட்ட ஓவியத்தில், அக்காலத்தில் வழக்கில் இல்லாத தைட்டானிய வெள்ளை நிறமி காணப்பட்டது. அதனை வரைந்த வொல்ப்காங்கு பெல்திராக்கி 2011 ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார்.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும்போது அதனையும் பதிவு செய்வது நெறியாகும். 1968 ஆம் ஆண்டில் தொடங்கிய ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம், ஓவியங்களை அவருடையவை, ஐயத்துக்குரியவை, அவருடையவை அல்லாதவை என மூவகையாகப் பிரித்துப் பட்டியலிட்டது. இப்பகுப்பு பின்வந்த தொகுதிகளில் கைவிடப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த இறுதித் தொகுதி, முன்னர் நீக்கப்பட்ட பல ஓவியங்களை மீண்டும் ரெம்பிராண்டுக்கு உரியனவாகக் காட்டியது.

நேர்மையாகக் கருத்துரைப்போரும் வழக்குகளை எதிர்கொள்ள நேர்கின்றது. அண்டி வார்ஹோல் அறக்கட்டளையுடன் தொடர்புடைய உண்மைத்தன்மைக் குழு, வழக்குகளின் சுமையை அடுத்து 2012 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

ஒளிப்படங்களும் பதிப்புரிமையும்

கலைவரலாற்றுக் கட்டுரைக்குப் படம் இன்றியமையாதது. வழக்கமாகப் படங்களுக்கான இசைவைப் பெறுவதும் கட்டணம் செலுத்துவதும் கட்டுரையாளரின் பொறுப்பாகும். இதில் படைப்பின் பதிப்புரிமை, ஒளிப்படத்தின் பதிப்புரிமை, பொருளை வைத்திருக்கும் நிறுவனத்தின் இசைவு ஆகிய மூன்றையும் பிரித்தறிய வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்த ஓவியம் ஒன்றை உள்ளவாறே படியெடுக்கும் ஒளிப்படத்துக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என 1999 ஆம் ஆண்டில் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையும் இதனையொத்த விதியைக் கொண்டுள்ளது. நியூயோர்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,75,000 படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த வழங்கியது.

படத்தை ஒருபுறம் வெட்டுதல், நிறத்தை மாற்றுதல், சிதைந்த பகுதியை நிரப்பிக் காட்டுதல் ஆகியவற்றைச் செய்தால் அதனைப் படக்குறிப்பில் கூற வேண்டும். ஒளிப்படம் எடுத்தவர் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

புனிதப் பொருட்கள்

சட்டம் தடுக்காத படமும் வெளியிடத் தகாததாக இருக்கலாம். மானிடவியலாளர் சார்லசு மவுண்ட்போர்டு எழுதிய நூலொன்றில், ஆசுத்திரேலியத் தொல்குடியினர் தம்முள் ஒரு பகுதியினருக்கு மட்டுமே வெளிப்படுத்தும் சடங்குப் பொருட்களும் இடங்களும் காட்டப்பட்டிருந்தன. 1976 ஆம் ஆண்டில் அம்மக்களின் முறையீட்டை ஏற்று, வட ஆட்புல நீதிமன்றம் அந்நூலின் விற்பனைக்கு அப்பகுதியில் தடை விதித்தது. நம்பிக்கையின் பேரில் கூறப்பட்டதை வெளியிடக்கூடாது என்பதே அம்முடிவின் அடிப்படை. பாறை ஓவியங்கள், காவலற்ற கோயில்கள் ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை அச்சிடாது விடுவதும் சில வெளியீடுகளில் வழக்கமாகும்.

இதழ்களின் நடைமுறை

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை வந்தது முதல் வெளியாகும் வரை பொதுவாகப் பின்வரும் படிநிலைகள் காணப்படும்:

* கட்டுரை புதியது என்றும் வேறு இதழின் ஆய்வில் இல்லை என்றும் கட்டுரையாளர் உறுதியளித்தல்.
* நிதியுதவி, நலன் முரண், பொருளின் உடைமை வரலாறு ஆகியவற்றை அறிவித்தல்.
* கட்டுரை இதழின் வரம்புக்கும் நெறிகளுக்கும் உட்பட்டதா என ஆசிரியர் பார்த்தல்.
* துறை வல்லுநர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் மதிப்பாய்தல். பல இதழ்களில் கட்டுரையாளர், மதிப்பாய்வாளர் இருவர் பெயரும் ஒருவருக்கொருவர் மறைக்கப்படும்.
* மதிப்புரைக்கேற்பத் திருத்துதல். படங்களுக்கான இசைவுக் கடிதங்களை ஒப்படைத்தல்.
* வெளியான பின் பிழை கண்டால் திருத்தக் குறிப்பு வெளியிடுதல். அடிப்படையே தவறாயின் கட்டுரையை மீளப்பெறுதல்.

மதிப்பாய்வாளர் தாம் படித்த கட்டுரையின் செய்தியை வெளிவருமுன் பயன்படுத்துதல் கூடாது. கலைப்பொருள் விற்பனையில் ஈடுபட்டுள்ளவருக்கு இவ்விதி மேலும் கண்டிப்பாகப் பொருந்தும்.

விமர்சனங்கள்

உடைமை வரலாறு அறியப்படாத பொருட்களை வெளியிட மறுப்பது எல்லா அறிஞர்களுக்கும் உடன்பாடானதன்று. பொருள் ஏற்கனவே பெயர்க்கப்பட்டுவிட்டது, அதனைப் பேசாது விடுவதால் அறிவு மட்டுமே இழக்கப்படுகின்றது என்பது இவர்களின் வாதம். ஆப்பெழுத்துப் பலகைகள், கல்வெட்டுகள், நாணயங்கள் ஆகியவற்றை ஆய்வோர் இக்கருத்தை மிகுதியாக முன்வைக்கின்றனர். வெளியீடு கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே அடுத்த தோண்டலுக்குத் தூண்டுகோலாகின்றது என்பது மறுதரப்பின் விடை.

விதிகள் இதழுக்கு இதழ் வேறுபடுவதும் குறையாகச் சுட்டப்படுகின்றது. ஓர் இதழ் மறுத்த பொருள் தனியார் சேகரிப்பு விவரநூலொன்றில் எவ்விதக் கேள்வியுமின்றி வெளியாகலாம். அத்தகைய விவரநூல்கள் பெரும்பாலும் சக மதிப்பாய்வுக்கு உட்படுவதில்லை. ஆகவே ஒரு கலைப்பொருள் பற்றிய நூலைப் பயன்படுத்தும் மாணவர், அதனை வெளியிட்டவர் யார், நிதி வழங்கியவர் யார், பொருளின் உடைமை வரலாறு கொடுக்கப்பட்டுள்ளதா என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.