அடுப்பங்கரையும் சரித்திரம்தான்

மாமல்லபுரம் தருமராஜ ரதத்தில் 7ஆம் நூற்றாண்டு அர்த்தநாரி நிற்கிறார். கல்லுன்னா கும்பிடுவாங்க, ரத்தமும் சதையுமா வந்தா வாடகைக்கு வீடு தரமாட்டாங்க.

திருநங்கையர் சரித்திரத்தை அடுப்பங்கரையிலிருந்துதான் எழுத வேண்டும். பெற்ற வீடு சோறு மறுத்தது; ஜமாத்தில் ஒரு தாய் ஆக்கிப் போட்டாள். நிர்வாணத்துக்குப் பின் 40 நாள் பத்தியம்: பாலில்லாத டீ, வெந்நீர், கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் சடங்கு. ஆஸ்பத்திரி கைவிட்ட காலத்தில் அந்தத் தாய்தான் நர்சு.

2008இல் தமிழகத்தில் நலவாரியம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. இன்று மாத்திரை. ஈஸ்ட்ரோஜனால் தோல் மிருதுவாகிறது, மார்பு வளர்கிறது. உடைந்த குரல் மட்டும் திரும்புவதில்லை. கூடவே தரும் ஸ்பைரோனோலாக்டோன் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டலாம்; அதனால் இளநீர், வாழைப்பழம் எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான். அடிக்கடி ஒண்ணுக்கு வரும். வெளியே போனால் எந்தக் கக்கூசுக்குப் போவாள்? ஆண்கள் பக்கம் கை வைக்கிறான். பெண்கள் பக்கம் விரட்டுறாங்க.

ஒதுக்கிவைப்பது என்னன்னு சேரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்து நின்றவர்கள் நாம். நம்ம வீட்டில் பிறந்தவளுக்கு நாமே தனித் தட்டு வைக்கலாமா?