ஃபித்னா

பொன்னைத் தீயிலிட்டு உருக்கி மாசு நீக்குவதைக் குறித்த அரபுச் சொல் இது, நம் ‘புடம்போடுதல்’. அதிலிருந்து சோதனை என்றும், பிறகு சமூகத்தைப் பிளக்கும் குழப்பம் என்றும் பொருள் விரிந்தது. கி.பி. 656இல் கலீபா உஸ்மான் கொல்லப்பட்டதும் மூண்ட உள்நாட்டுப் போருக்கு ‘முதல் ஃபித்னா’ என்றே வரலாற்றில் பெயர். நம் முஸ்லிம் வீடுகளில் கோள்மூட்டிச் சண்டை இழுப்பவரை, “பித்னா பண்ணாதே” என்று அதட்டுவார்கள்.

வீட்டில் லேசாகப் புழங்கும் சொல் ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், வாயில் கனத்துவிடுகிறது. 2011இல் சிரியாவில் மக்கள் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, டமாஸ்கஸின் மூத்த அறிஞர் ரமலான் அல்பூத்தி அதை ஃபித்னா என்று கண்டித்து அரசின் பக்கம் நின்றார். அதே நகரின் உசாமா அல்ரிஃபாயி பள்ளிவாசலின் உரைமேடையான மிம்பரில் நின்று அடக்குமுறையை எதிர்த்தார். அந்த ஆண்டு நோன்பு மாதத்தில் பாதுகாப்புப் படையினர் பள்ளிவாசலுக்குள் புகுந்து அவரை அடித்தார்கள். கொடுமையை எதிர்ப்பது ஃபித்னாவா, கொடுமை செய்வது ஃபித்னாவா? ஆலிம்கள் பிரிந்தது இங்கேதான். குடிமக்களைச் சுட்டவர்கள் மீதுதான் அந்தச் சொல் முதலில் விழுந்திருக்க வேண்டும் என்பேன்.

அல்பூத்தி 2013 மார்ச் 21 அன்று, பள்ளிவாசலில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் குண்டுவெடிப்பில் இறந்தார். பாடம் கேட்க வந்திருந்த பலரும், அவருடைய பேரனும் உடன் மாண்டார்கள்.